ஏடிவி முன்பிரேக்: ஏர் எடுத்த பிறகும் லிவர் கைப்பிடிவரை வருகிறது

வாலிநோக்கத்தான்

வணக்கம். வாலிநோக்கத்துக்கு மேற்கே ஓர் இறால் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறேன். குளக்கரைகளில் தீவன மூட்டை ஏற்றிச் செல்ல 250 சிசி ஏடிவி (குவாட் என்பார்களே, அந்த நான்கு சக்கர வண்டி) ஒன்று இருக்கிறது, சீனத் தயாரிப்பு. சாலைப் பதிவு இல்லாததால் பண்ணை வேலியைத் தாண்டுவதில்லை. முன்சக்கரம் இரண்டிலும் டிஸ்க். வலது கைப்பிடியில் உள்ள ஒரே மாஸ்டர் சிலிண்டர்தான் இரண்டுக்கும் ஆயில் தள்ளுகிறது.

கச்சான் காற்று ஓய்ந்த சமயத்தில் முன்பக்கக் காலிப்பர் (பேடுகளால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) இரண்டும் உப்பில் இறுகிவிட்டன. ராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பிஸ்டனைக் கழற்றித் துரு எடுத்து, புது சீல் போட்டுப் பூட்டிக் கொடுத்தார்கள். சக்கரம் இப்போது தாராளமாகச் சுற்றுகிறது. ஆனால் லிவரை இழுத்தால் கைப்பிடியைத் தொடுகிறது. அடுத்தடுத்து இழுத்தால் ஓரளவு கெட்டிப்படுகிறது. சற்று நேரம் விட்டுவிட்டால் பழையபடி பஞ்சு. பட்டறையில் மறுபடியும் ஏர் எடுத்தார்கள், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றினார்கள். நானும் பண்ணையில் ஒரு பாட்டில் டாட் 4 பிரேக் ஆயிலைத் தீர்த்துவிட்டேன். கசிவு எங்கும் இல்லை. "இந்த வண்டிக்கு இவ்வளவுதான் வரும், வேண்டுமானால் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுங்கள்" என்கிறார்கள்.

புது மாஸ்டர் சென்னையிலிருந்து வரவேண்டும். அதற்குப் பணம் கட்டும் முன் வேறு எதையெல்லாம் பார்க்கலாம்? சரிவில் ஏறி இறங்கும் வண்டி. மூட்டையோடு குளத்தில் போய் விழ எனக்கு விருப்பமில்லை.

தொண்டிப் பாய்மரம்

அண்ணன், ஏர் எடுத்த முறையைச் சொல்லுங்கள். காலிப்பரில் காற்றை வெளியே விடும் திருகு இருக்கிறதே, அந்த நிப்பிளில் குழாய் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வைத்தீர்களா? லிவரை இழுத்துப் பிடித்த நிலையில்தான் நிப்பிளைத் திறக்க வேண்டும். நிப்பிளை மூடிய பிறகுதான் லிவரை விடவேண்டும். வரிசை மாறினால் வெளியே போன காற்று அப்படியே திரும்பி வந்துவிடும். மேல் தொட்டியில் ஆயில் ஒரு தடவை வற்றினாலும் எல்லாம் முதலிலிருந்து.

என்னைக் கேட்டால் கையால் உறிஞ்சும் வேக்குவம் பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள். ஒரே ஆள் போதும், லிவரை இழுக்க உதவியாளைத் தேட வேண்டாம்.

வாலிநோக்கத்தான்

வரிசை சரியாகத்தான் செய்தேன் தம்பி. லிவரில் நம் பையன், நிப்பிளில் நான். குழாய்க்குப் பஞ்சமில்லை, குளத்துக்குக் காற்றடிக்கும் ஏரேட்டர் குழாய் இங்கே சுருள் சுருளாகக் கிடக்கிறது, கண்ணாடிபோல் தெளிவானது. வேக்குவம் பம்பும் பக்கத்துப் பண்ணையில் இரவல் வாங்கிப் பார்த்தேன். அதில் குமிழ் நிற்கவே இல்லை. கையால் இழுக்கும்போது குமிழே இல்லாமல் சுத்தமான ஆயில் வருகிறது. பம்பு வைத்தால் நுரைநுரையாக வருகிறது. எதை நம்புவது?

இயற்பியல் வாத்தியார்

கையால் எடுத்ததை நம்புங்கள். நிப்பிளைத் தளர்த்தினால் அதன் மரையைச் சுற்றி இடைவெளி உண்டாகிறது. பம்பு உறிஞ்சும்போது வெளிக்காற்று அந்த மரை வழியாகவே குழாய்க்குள் நுழைகிறது. நீங்கள் பார்த்த நுரையில் பெரும்பங்கு காலிப்பருக்குள் இருந்ததே இல்லை. மரையைச் சுற்றிக் கொஞ்சம் ரப்பர் கிரீஸ் பூசினால் குமிழ் குறைவதைக் காண்பீர்கள்.

ஆனால் கையால் எடுப்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. சிறு கணக்கு. மாஸ்டர் பிஸ்டனின் விட்டம் 12.7 மி.மீ., அது நகரும் தூரம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழு இழுப்புக்கு வெளியேறும் ஆயில் 1.27 மில்லி. பிரேக் குழாயின் உள்விட்டம் 3.2 மி.மீ. என்றால் அதே இழுப்பில் குழாய்க்குள் ஆயில் ஏறக்குறைய 16 செ.மீ. நகரும். கைப்பிடியிலிருந்து சக்கரம்வரை குழாய் ஒரு மீட்டருக்குமேல் இருக்கும். ஒவ்வோர் இழுப்புக்கும் நடுவே நீங்கள் நிப்பிளை மூடி, லிவரை விட்டு, மறுபடி இழுத்து நேரம் கடத்தினால், கீழே தள்ளப்பட்ட குமிழ் அந்த இடைவேளையில் மேலே ஏறிக்கொள்ளும். மெதுவாகச் செய்தால் பாட்டில் பாட்டிலாக ஆயில் போகும், காற்று இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உள்ளே 1 மில்லி காற்று மிச்சமிருந்தாலே போதும். பிரேக் பிடிக்கும்போது அழுத்தம் 30 பார், அதாவது வெளிக்காற்றைப்போல் ஏறக்குறைய முப்பது மடங்கு, ஏறினால் அந்தக் காற்று முப்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதாவது உங்கள் 1.27 மில்லியில் ஏறத்தாழ 1 மில்லி, குமிழைச் சுருக்குவதற்கே செலவாகிறது. பேடைத் தள்ள மிச்சம் என்ன இருக்கிறது? லிவர் கைப்பிடியைத் தொடத்தான் செய்யும்.

தொண்டிப் பாய்மரம்

> நீங்கள் பார்த்த நுரையில் பெரும்பங்கு காலிப்பருக்குள் இருந்ததே இல்லை.

சார், நான் இரண்டு பைக்குக்கு பம்பு வைத்துத்தான் ஏர் எடுத்தேன். நன்றாகவே வந்தது.

இயற்பியல் வாத்தியார்

வரும், தம்பி. பம்பைக் குறை சொல்லவில்லை. குமிழ் நின்றால்தான் வேலை முடிந்தது என்று அதில் தீர்ப்புச் சொல்ல முடியாது என்கிறேன்.

கீழக்கரை காக்கா

தம்பி வாலிநோக்கம், கணக்கெல்லாம் இருக்கட்டும். ஷார்ஜாவில் இருந்த காலமெல்லாம் மணல்மேட்டில் வாடகைக்கு விடும் குவாட் பைக்குகளைத்தான் பார்த்தேன். பட்டறையில் காலிப்பரைக் கழற்றிப் பூட்டிய பிறகு வந்த கோளாறு என்கிறாய். கழற்றுவதற்கு முன் லிவர் எப்படி இருந்தது? கெட்டியாக இருந்திருந்தால் மாஸ்டர்மேல் பழி போடாதே. கீழே கைவைத்ததும் மேலே எப்படிக் கெடும்?

இரண்டு முன்சக்கரத்தையும் உள்பக்கமிருந்து படம் எடுத்துப் போடு. காலிப்பர் முழுதாகத் தெரியவேண்டும். ஆயில் குழாய் எங்கே ஏறுகிறது, நிப்பிள் எங்கே இருக்கிறது, இரண்டும் தெரியவேண்டும்.

வாலிநோக்கத்தான்

காக்கா, படங்கள் இணைத்திருக்கிறேன். முதலாவது இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம். சேறு அப்பியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முன்பு லிவர் கெட்டியாகத்தான் இருந்தது. பிடித்தால் விடாது என்பதுதான் அப்போதைய குறை.

கீழக்கரை காக்கா

சேற்றை மீறியும் தெரிகிறது. இரண்டு பக்கமும் நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இடப்பக்கக் காலிப்பரை வலப்பக்கமும், வலப்பக்கத்தை இடப்பக்கமும் மாற்றிப் பூட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி வண்டிகளில் காலிப்பரின் உடல் இரு பக்கத்துக்கும் ஒரே அச்சில் வார்த்தது. நிப்பிளுக்குத் துளை போட்ட இடம் மட்டும்தான் வேறு. போல்ட் பொருந்தும், பேட் பொருந்தும், குழாயும் எட்டும். பூட்டுகிறவனுக்கு ஒரு சந்தேகமும் வராது. ஆனால் நிப்பிள் கீழே வந்துவிட்டால், பிஸ்டன் அறையின் மேல்பாதியில் உள்ள காற்றுக்கு வெளியேற வழி ஏது? நீ ஒரு பாட்டில் இல்லை, ஒரு டின் ஊற்றினாலும் ஆயில் கீழ்வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். குமிழே இல்லாமல் சுத்தமாக வந்தது என்றாயே, அது அதனால்தான்.

பட்டறைக்காரரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு வருவதெல்லாம் பைக். பைக்கில் முன்னால் ஒரே காலிப்பர்தான் பெரும்பாலும். இடது வலது என்ற குழப்பமே எழாது. ஆனால் "இந்த வண்டிக்கு இவ்வளவுதான்" என்று சொன்னாரே, அதற்குத் திட்டலாம். இவ்வளவுதான் என்று எந்தப் பிரேக்கையும் எவரும் செய்து விற்பதில்லை.

இரண்டையும் இடம் மாற்று. குழாயை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் இருபுறமும் செம்பு வாஷர் இருக்கும். பழையதை மறுபடி போடாதே, அது ஒரு தடவை நசுங்கியாகிவிட்டது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும், அதனால் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொள், பட்ட இடத்தை உடனே கழுவு. பேடிலோ டிஸ்க்கிலோ பட்டுவிடாமல் துணி சுற்று.

அவசரமென்றால் இன்னொரு வழி இருக்கிறது: குழாயைக் கழற்றாமலே காலிப்பரை மட்டும் தாங்கியிலிருந்து அவிழ்த்து, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் கனத்துக்கு ஒரு பலகைத் துண்டைச் செருகி, நிப்பிள் மேலே வரும்படி கையில் பிடித்துக்கொண்டு ஏர் எடுக்கலாம். பலகை இல்லாமல் லிவரை இழுத்தால் பிஸ்டன் வெளியே வந்து மடியில் விழும். ஆனால் இப்படிச் செய்தால் அடுத்த முறையும் இதே பாடு. இடம் மாற்றுவதுதான் முறை.

மண்டபத்துக்காரி

காக்கா படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்! அரியமான் பக்கம் எங்கள் தோப்புக்குள் விருந்தினருக்காக இரண்டு குவாட் ஓடுகின்றன. தம்பி, காலிப்பரை இறக்குவதற்கு முன்னால் நிப்பிளைத் தளர்த்திப் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கிய பிறகு கையில் நழுவும், பிடி கிடைக்காது. நம் கரையில் நிப்பிள்தான் முதலில் இறுகும். தலையில் ரப்பர் மூடி இல்லாவிட்டால் உப்பு உள்ளே படிந்து துளையே அடைபட்டுவிடும்.

வாலிநோக்கத்தான்

அக்கா வாய்முகூர்த்தம். வலப்பக்க நிப்பிள் அசையவே மாட்டேன் என்கிறது. ஸ்பேனர் வைத்தால் தலை உருள ஆரம்பிக்கிறது. நிறுத்திவிட்டேன். மூடி இரண்டிலும் இல்லை.

கீழக்கரை காக்கா

நிறுத்தியது நல்லது. திறந்தவாய் ஸ்பேனரைத் தூர வை. ஆறு பட்டை உள்ள 8 மி.மீ. சாக்கெட் எடு, பன்னிரண்டு பட்டை வேண்டாம். மரை இடுக்கில் துருநீக்கி எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு ஊறட்டும். பேடைக் கழற்றி வைத்துவிட்டு எண்ணெய் விடு. பேடில் பட்டால் பேடைத் தூக்கி எறிய வேண்டியதுதான். காலையில் நிப்பிளின் தலையில் சின்னச் சுத்தியால் நேராக நாலு தட்டு. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்பு, பிறகு தளர்த்து. துரு உடையும் சத்தம் 'டக்'கென்று கேட்கும். அதன்பின் முன்னும் பின்னுமாகத் திருப்பித் திருப்பி வெளியே எடு.

வெளியே வந்ததும் துளையில் ஊசியை விட்டுப் பார். அடியில் குறுக்குத்துளை ஒன்று இருக்கும், அதுவும் திறந்திருக்க வேண்டும். நிப்பிள் விலை அற்பம், இரண்டும் புதிதாகப் போட்டுவிடு. பூட்டும்போது முறுக்காதே, 6 நியூட்டன் மீட்டர் அளவே போதும். அலுமினியத்தில் மரை போனால் காலிப்பரே போனதுபோல.

ஆமைக்காவலன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அக்கா, தோப்புக்குள் ஓட்டுகிறோம் என்றீர்கள், மகிழ்ச்சி. ஆனால் இந்த இழையைப் படிக்கும் வேறு சிலர் கடற்கரை மணலில் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஜனவரி முதல் ஏப்ரல்வரை பங்குனி ஆமை முட்டையிடும் காலம். தனுஷ்கோடியில் வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதே அவை மிதிபடாமலும் நாய் நரி தின்னாமலும் இருக்கத்தான். சக்கரத்தடம் ஆழமாக விழுந்தால் குஞ்சு அதற்குள் விழுந்து ஏறமுடியாமல் தவிக்கும்.

தொண்டிப் பாய்மரம்

இது பிரேக் இழை ஐயா.

மண்டபத்துக்காரி

அவர் சொல்வது நியாயம்தான், விடுங்கள் தம்பி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அதற்கு எதிரே இருக்கும் கரையில் நாம் கண்டபடி வண்டி ஓட்டக் கூடாது. எங்கள் விருந்தினர்களில் கடற்கரைக்கு ஓட்டிப் போகவேண்டும் என்று அடம்பிடிப்பவர் தினம் ஒருவர் வருகிறார். சாவி என்னிடம்தான் இருக்கும்.

நெறியாளர்

ஆமை பற்றித் தனி இழை திறந்திருக்கிறேன். இங்கே பிரேக்.

வாலிநோக்கத்தான்

நிப்பிள் வந்துவிட்டது! காக்கா சொன்ன அதே 'டக்'. குறுக்குத்துளையில் வெள்ளை உப்புக் கட்டி அடைத்திருந்தது. இரண்டு காலிப்பரையும் இடம் மாற்றி, புது வாஷர் போட்டு, நிப்பிள் மேலே வரும்படி பூட்டி, தூரத்தில் இருக்கும் இடப்பக்கத்திலிருந்து தொடங்கினேன். முதல் திறப்பிலேயே குழாயில் ஒரு விரல் நீளத்துக்குக் காற்று. அதன்பின் குமிழ், ஆயில், குமிழ் என்று மாறி மாறி வந்து கடைசியில் சுத்தமானது. வலப்பக்கமும் அப்படியே.

இப்போது லிவர் கைப்பிடியைத் தொடுவதில்லை, பாதிக்கு முன்பே நிற்கிறது. ஆனால் அந்த நிற்கும் இடம் இன்னும் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. இரண்டாம் இழுப்பில் சற்று மேலேயே நிற்கிறது. இதோடு விட்டுவிடலாமா?

இயற்பியல் வாத்தியார்

விடவேண்டாம். ஆனால் எது காரணம் என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாம் இழுப்பில் லிவர் உயர்வதற்குக் காற்று மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. சக்கர பேரிங் ஆடினாலோ டிஸ்க் கோணலாக இருந்தாலோ, ஓடும்போது டிஸ்க் பேடைத் தட்டிப் பின்னுக்குத் தள்ளிவிடும். அடுத்த முதல் இழுப்பு அந்த இடைவெளியை நிரப்பவே போய்விடும்.

வண்டியை நிறுத்திய இடத்திலேயே லிவரைப் பலமுறை இழுத்துக் கெட்டியாக்குங்கள். அசைக்காமல் சற்று நேரம் விட்டு மறுபடி இழுங்கள். நின்ற இடத்திலேயே மெத்தென்று ஆகிவிட்டால் காற்று. நின்றால் கெட்டி, ஓட்டிவிட்டு வந்தால் மெத்து என்றால் பேரிங்கையும் டிஸ்க்கையும் பாருங்கள். மூன்றாவது ஒன்றும் உண்டு: லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது அது மெல்ல மெல்ல இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால், அப்போதுதான் மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல்மேல் சந்தேகப்படலாம்.

வாலிநோக்கத்தான்

நின்ற இடத்திலேயே மெத்தென்று ஆகிறது சார். அழுத்திப் பிடித்தால் இறங்கவில்லை. சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை.

கீழக்கரை காக்கா

அப்படியென்றால் மாஸ்டர் நல்ல பிள்ளை. சென்னைக்குப் பணம் அனுப்பாதே.

மிச்சக் காற்று மேலேதான் இருக்கும். உன் படத்தில் இன்னொன்றும் கவனித்தேன். மாஸ்டரிலிருந்து குழாய் நேரே இறங்கவில்லை. கைப்பிடிக்குமேல் ஒரு வளைவு போட்டுப் பிறகு இறங்குகிறது. அந்த வளைவின் உச்சியும் மாஸ்டரின் பேஞ்சோ தலையும்தான் காற்றுக்குப் பிடித்த இடங்கள். கீழே எத்தனை முறை நிப்பிளைத் திறந்தாலும் அங்கிருக்கும் குமிழ் இறங்காது. வாத்தியார் கணக்குப் போட்டுக் காட்டினாரே, அதேதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்து. கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினால் மாஸ்டரின் குழாய்முனை மேல்நோக்கி நிற்கிறதோ அந்தப் பக்கம் திருப்பு. தேவைப்பட்டால் ஒரு பக்கச் சக்கரத்தின் அடியில் கட்டை வை. வளைவைக் கட்டியிருக்கும் கிளிப்பை அவிழ்த்து, குழாயை மாஸ்டருக்குக் கீழே தாழ்த்து. பேஞ்சோவைச் சுற்றித் துணி சுற்றிக்கொள். லிவரை மெதுவாக இழுத்துப் பிடித்தபடி பேஞ்சோ போல்ட்டைக் கால் திருப்பு தளர்த்து, சீறிக்கொண்டு ஆயில் கசிந்ததும் இறுக்கு, பிறகு லிவரை விடு. கசிவில் நுரை இல்லாமல் ஆகும்வரை செய். அப்புறம் மூடியைத் திறந்தே வைத்து, லிவரை முழுதாக இழுக்காமல் நுனியை மட்டும் சின்னச் சின்னதாகத் தட்டு. தொட்டியின் அடியில் இரண்டு துளைகள் தெரியும், ஒன்று பெரிது, ஒன்று ஊசிமுனை அளவு. அந்தச் சின்னத் துளையைப் பார்த்துக்கொண்டே தட்டு. ஆனால் முகத்தை நேர் மேலே வைக்காதே, சில சமயம் ஆயில் கண்ணுக்குப் பீய்ச்சும்.

கடைசியாக, மூடியைப் பூட்டிவிட்டு லிவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி இரவு முழுக்க விட்டுவிடு. காலையில் பார்.

இயற்பியல் வாத்தியார்

கயிறு கட்டும் வைத்தியத்தில் எனக்குப் பாதி நம்பிக்கைதான். லிவரை இழுத்த நிலையில் பிஸ்டன் அந்தச் சின்னத் துளையைத் தாண்டிவிடுகிறது. தொட்டிக்குப் போகும் வழி அடைபட்டிருக்கிறது. பிறகு இரவெல்லாம் காற்று எப்படி வெளியேறும்?

கீழக்கரை காக்கா

வெளியேறாது. இடம்பெயரும். அழுத்தத்தில் குமிழ் சிறுத்துவிடுகிறது. சிறுத்த குமிழ் குழாய்ச்சுவரில் ஒட்டாமல் நழுவி மேலே ஏறி மாஸ்டர் வாசலில் வந்து நிற்கிறது. காலையில் கயிற்றை அவிழ்த்ததும் துளை திறக்கிறது, புறப்பட்டுப் போகிறது. அதனால்தான் அவிழ்த்த உடனே லிவரை இழுக்கக் கூடாது, முதலில் நுனியைத் தட்டவேண்டும். ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முன் வியாழன் இரவு எல்லா வண்டியும் கட்டுப்போட்டுத்தான் நிற்கும்.

இயற்பியல் வாத்தியார்

அப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். அழுத்தத்தில் காற்று ஓரளவு ஆயிலில் கரையவும் செய்யும். ஆனால் வேலையைச் செய்வது நுனித்தட்டல்தான் என்பதில் மாற்றமில்லை. கயிறு அதற்கு முன்னேற்பாடு.

தொண்டிப் பாய்மரம்

கீழிருந்து மேலே ஆயில் ஏற்றினால் இந்தக் கஷ்டமே இல்லையே? மருந்துக் கடையில் பெரிய சிரிஞ்ச் வாங்கி, நிப்பிள் வழியாக ஆயிலை உள்ளே தள்ளினால் காற்று தன் இயல்புப்படி மேலே போய்த் தொட்டியில் வெளியேறிவிடும்.

கீழக்கரை காக்கா

நல்ல முறைதான் தம்பி. மேல் தொட்டியில் முதலில் இருக்கும் ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பொங்கி டேங்க்மேல் வழியும். சிரிஞ்சிலும் குழாயிலும் உள்ள காற்றைத் தள்ளிவிட்டுத்தான் மாட்டவேண்டும். ஆனால் காலிப்பரின் அடியில் கசடு இருந்தால் அதையும் சேர்த்து மாஸ்டருக்கு அனுப்பிவிடுவாய். ஊசிமுனைத் துளை அடைபட்டால் பிறகு பிரேக் பிடித்தது விடாது. புதிதாகச் சுத்தம் செய்த காலிப்பர் என்பதால் இவருக்குச் செய்யலாம். உப்பில் ஊறிய பழைய காலிப்பருக்குச் செய்யாதே.

வாலிநோக்கத்தான்

செய்தாயிற்று. கிளிப்பை அவிழ்த்துக் குழாயைத் தாழ்த்திப் பேஞ்சோவைத் தளர்த்தியதும் 'புஸ்' என்று நுரை. பிறகு தொட்டியைத் திறந்துவைத்து லிவர் நுனியைத் தட்டினேன். டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சின்னத் துளையிலிருந்து கடுகளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, நின்றன, குழாயை விரலால் சுண்டியதும் மறுபடி வந்தன. பையனும் நானும் வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். இரவு கயிறு கட்டி, காலையில் அவிழ்த்துத் தட்டியபோது இன்னும் சில வந்தன.

லிவர் இப்போது கல். கைப்பிடிக்கும் லிவருக்கும் நடுவே மூன்று விரல் நிற்கிறது. முதலில் சமதளத்தில் நடைவேகத்தில் பிடித்துப் பார்த்தேன், பிறகு மூட்டை இல்லாமல் சரிவில், அப்புறம் மூட்டையோடு. இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கின்றன, ஒரு பக்கம் இழுக்கவில்லை. காக்காவுக்கும் சாருக்கும் அக்காவுக்கும் நன்றி. அடுத்த அறுவடையில் இறால் பங்கு உண்டு.

ஒரு கேள்வி மிச்சம். டாட் 4 எனக்குப் போதுமா? பட்டறையில் டாட் 5 ஊற்றினால் ஈரம் பிடிக்காது என்றார்கள்.

கீழக்கரை காக்கா

மாஸ்டர் மூடியின்மேல் என்ன பொறித்திருக்கிறதோ அதுதான் வேதம். டாட் 5 சிலிக்கான். உன் வண்டியில் இருக்கும் டாட் 4 கிளைக்கால் என்ற வேறு வகை. இரண்டும் கலக்காது. டாட் 5.1 என்பது வேறு, அது டாட் 4-இன் இனம்தான். எண்ணைப் பார்த்து ஏமாறாதே. எஞ்சின் ஆயிலோ ஹைட்ராலிக் ஆயிலோ ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது, சீல் எல்லாம் ஊதிப் பெருத்துவிடும்.

இயற்பியல் வாத்தியார்

கிளைக்கால் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு 155. டாட் 3-க்கு 205, 140. பண்ணைக்கரையில் மெதுவாகப் போகும் வண்டியில் ஆயில் கொதிக்கப் போவதில்லை. உங்களுக்குக் கவலை கொதிப்பது அல்ல, அந்த ஈரம் உள்ளே பிஸ்டனையும் சிலிண்டரையும் அரிப்பதுதான். வெளியே உப்பு, உள்ளே ஈரம். ஆண்டுக்கு ஒரு முறை, வாடைக்காற்று தொடங்கும் முன் மாற்றிவிடுங்கள். திறந்த பாட்டிலில் மிச்சம் வைத்து அடுத்த ஆண்டு ஊற்றாதீர்கள். சின்னப் பாட்டிலாக வாங்குவது லாபம்.

மண்டபத்துக்காரி

கழுவுவதையும் சொல்லவேண்டும். எல்லோரும் "நல்ல தண்ணீரில் கழுவு" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நம் ஊரில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? ஆழ்துளைக் கிணற்றில் வருவதே உப்பு. அதில் கழுவினால் உப்புமேல் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீரை வண்டிக்கு ஊற்றினால் ஊரே சிரிக்கும். நான் மழைநீரை டிரம்மில் பிடித்துவைத்து, ஒரு வாளியும் துணியுமாகக் காலிப்பரையும் டிஸ்க்கையும் நிப்பிளையும் மட்டும் துடைக்கச் சொல்வேன். வண்டி முழுக்கக் கழுவவேண்டிய அவசியமில்லை. அழுத்தப் பம்பால் அடிக்கவே கூடாது, பேரிங் சீலுக்குள் தண்ணீரைத் திணித்துவிடும்.

காலிப்பர் வழுக்கி நகரும் கம்பிக்குச் (ஸ்லைடு பின்) சிலிக்கான் கிரீஸ் வையுங்கள். சாதா கிரீஸ் வைத்தால் ரப்பர் உறை உப்பிவிடும். நிப்பிளுக்கு மூடி கட்டாயம். மூடி கிடைக்காவிட்டால் உங்கள் ஏரேட்டர் குழாயில் ஒரு துண்டு நறுக்கி, முனையைச் சூடுகாட்டி நசுக்கி மாட்டிவிடுங்கள்.

2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். நம் நிப்பிளுக்கு ஒரு மூடி போடுவதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

மூக்கையூரான்

இந்த இழையைப் பார்த்து எனக்கும் தைரியம் வந்தது. என்னிடம் இருப்பது பழைய ஹோண்டா, முன்னால் டிஸ்க் இல்லை, ஹைட்ராலிக் டிரம். லிவர் பாதிக்குமேல் போகிறது. நிப்பிள் மேலேதான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். நானும் பேஞ்சோவிலிருந்து தொடங்கலாமா?

கீழக்கரை காக்கா

டிரம்முக்கு முதலில் ஸ்பேனரை எடுக்காதே. டிரம்மின் உள்பக்கத்தில் உரசிப் பிடிக்கும் ஷூவைச் சரிசெய். ஷூ தேய்ந்து டிரம்மிலிருந்து விலகியிருந்தால், காற்றே இல்லாவிட்டாலும் லிவர் தூரம் போகத்தான் செய்யும். சக்கரத்தைத் தூக்கி நிறுத்து. ரப்பர் அடைப்பைக் கழற்றினால் உள்ளே பல்சக்கரம் தெரியும், அதைத் தட்டையான திருப்புளியால் திருப்பு. சக்கரம் சுற்றாமல் பிடிக்கும்வரை திருப்பி, பிறகு தாராளமாகச் சுற்றும்வரை சில பற்கள் பின்வாங்கு. சில மாடலில் ஒரு சக்கரத்துக்கே இரண்டு வீல் சிலிண்டர் இருக்கும், அப்படியென்றால் சரிசெய்ய இரண்டு இடம். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதே. அதற்குப் பிறகும் லிவர் மெத்தென்று இருந்தால்தான் ஏர்.

மூக்கையூரான்

ரப்பர் அடைப்பைக் கழற்றினேன் காக்கா. உள்ளிருந்து ஈர மணல் கொட்டுகிறது.

கீழக்கரை காக்கா

அப்படியென்றால் திருப்பாதே, டிரம்மையே கழற்று. மணலோடு திருப்பினால் பல்சக்கரம் மழுங்கும். கழற்றியதும் ஊதிச் சுத்தம் செய்யாதே, ஷூ தூசி மூச்சுக்கு ஆகாது, ஈரத்துணியால் துடை. டிரம் விளிம்பில் உதடுபோல் ஒரு ரப்பர் சீல் இருக்கும். அது கிழிந்திருந்தால் மணல் வந்த வழி அதுதான். வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார், உள்ளே ஈரமாக இருந்தால் ஆயில் கசிகிறது என்று பொருள். எல்லாவற்றையும் படம் எடுத்துப் போடு.

மூக்கையூரான்

நாளைக்குக் கழற்றுகிறேன். டிரம் நட்டுக்கு என்னிடம் இருக்கும் சாக்கெட் எட்டவில்லை, சாயல்குடியில் கிடைக்கிறதா என்று பார்க்கிறேன்.

வாலிநோக்கத்தான்

அலையவேண்டாம், பண்ணையில் பெரிய செட் இருக்கிறது. காலையில் தீவன வண்டி மூக்கையூர் வழியாகத்தான் போகிறது, கொடுத்தனுப்புகிறேன். நட்டின் அளவை மட்டும் சொல்லுங்கள்.